எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்: உத்தரவாத மறுப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
போட்டோ ஸ்டூடியோ உரிமையாளர்,
காந்தி நகர், காட்பாடி,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உத்தரவாதக் காலத்தில் பழுதான ஹார்டு டிஸ்க்கை மாற்றித் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஸ்டூடியோ வேலைக்காக நான் வாங்கிய தங்கள் நிறுவனத்தின் 2 டிபி ஹார்டு டிஸ்க், டக் டக் என்று அடித்துக்கொள்ளத் தொடங்கிப் பின்னர் கம்ப்யூட்டரில் தெரியாமலே போய்விட்டது. உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் சர்வீஸ் சென்டரில், "பாதுகாப்பாக அகற்றாமல் கேபிளைப் பிடுங்கியதால் பழுது" என்று ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார்கள். வேலூர் வெயில்தான் காரணம் என்று எழுதியிருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

கேபிளை நான் பிடுங்கியதே இல்லை. முறைப்படி அகற்ற முயன்றபோதெல்லாம் தடுத்தது தங்கள் நிறுவனம் டிஸ்க்குடன் கொடுக்கும் பேக்கப் நிரல்தான். கல்யாணப் படங்களை ஆல்பம் அச்சகத்துக்கு எடுத்துச் செல்ல 'வெளியேற்று' கொடுத்தால், "இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது" என்று வரும். போட்டோஷாப்பை மூடினாலும் அதே பதில். கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அகற்றுவதைத் தடுத்த நிரல் எது என்பதை அங்கே 225ஆம் எண் பதிவு காட்டிக்கொடுக்கும். அதில் இருந்தது தங்கள் நிரலின் பெயர். திரைப்பிடிப்பை இணைத்திருக்கிறேன்.

தங்கள் உதவி எண்ணில் பேசியவரோ, "இப்போதெல்லாம் வெளியேற்றத் தேவையில்லை, அப்படியே எடுங்கள் சார்" என்றார். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து 'விரைவு அகற்றல்' இயல்பான அமைப்பாக இருக்கிறது என்பது உண்மை. எழுத வேண்டிய தரவை நினைவகத்தில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதும் ஏற்பாடு அது. ஆனால் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேபிளை எடுத்தால் எந்த அமைப்பும் கோப்பைக் காப்பாற்றாது. முகூர்த்தத்தை மறுபடி நடத்திப் படம் எடுக்க முடியுமா? அதனால் அவர் பேச்சைக் கேட்காமல், ஓடிக்கொண்டிருந்த வீடியோ வேலையையும் நிறுத்தி, கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கை எடுத்தேன். ஒரு வாய் பிடுங்கச் சொல்கிறது, இன்னொரு வாய் பிடுங்கினாய் என்று பழி போடுகிறது. இரண்டும் தங்கள் நிறுவனத்தின் வாய்கள்.

சர்வீஸ் சென்டரின் காரணம் தொழில்நுட்ப ரீதியாகவும் நிற்காது. திடீரென்று கேபிளை எடுத்தால் முதலில் கெடக்கூடியவை கோப்புகளும், எது எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் கோப்பு அமைப்பும். மின்சாரம் போனால், உள்ளே சுழலும் தட்டின் மிச்ச விசையைக் கொண்டே, அதிலிருந்து தரவைப் படிக்கும் வாசிப்பு முனை தானாக ஒதுங்கிக்கொள்ளும்படிதான் இன்றைய ஹார்டு டிஸ்க்குகளை வடிவமைக்கிறார்கள். அப்படியிருக்க, திறந்துகூடப் பார்க்காமல், உள்ளே அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு கேபிளைக் காரணம் காட்டுவது எப்படி?

படங்களின் பிரதி வேறொரு டிஸ்க்கில் இருப்பதால் தரவு இழப்புக்கு நான் எதுவும் கேட்கவில்லை. மறுப்புக் குறிப்பைத் திரும்பப் பெற்று, புதிய டிஸ்க் தர வேண்டும். 'வெளியேற்று' கொடுத்தவுடன் டிஸ்க்கை விட்டு விலகும்படி அந்த நிரலையும் திருத்த வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோரே என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரவும் அது இடம் தருகிறது.

இப்படிக்கு,
ஸ்டூடியோ உரிமையாளர்

இணைப்பு: ரசீது நகல், மறுப்புக் குறிப்பு, திரைப்பிடிப்பு.