வன எல்லை அகழியைத் தூர்வாரவும் புதரை அகற்றவும் வேண்டி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்: வன எல்லையை ஒட்டி வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர்

பெறுநர்: வனச்சரக அலுவலர் அவர்கள்

பொருள்: காட்டுப்பன்றிகளால் தோட்டங்கள் அழிவது குறித்து

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்த மனுக்கள் (பதில் வரவில்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எல்லைக் கல்லுக்கும் எங்கள் வேலிக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதைதான் இடைவெளி என்பது தாங்கள் அறிந்ததே. தங்கள் ஜீப் போகும் வழி அதுதான் என்பதால், இடத்தை விவரிக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

1. காட்டு மரங்களின் நிழல் பாத்திகளில் விழுகிறது. வேர்கள் உள்ளே வந்து, செடிக்கு ஊற்றும் தண்ணீரைக் குடித்துவிடுகின்றன. கத்தரியும் மிளகாயும் வெயிலைத் தேடி ஒல்லியாக வளர்கின்றனவே தவிர காய்ப்பதில்லை. இதற்காக ஒரு கிளையைக்கூட வெட்டச் சொல்லவில்லை. இஞ்சி, மஞ்சள், சேம்பு என்று நிழல் தாங்குவதற்கு மாறிக்கொண்டோம். மான் மேய்வதையும் பொறுத்துக்கொண்டோம். காட்டோரம் குடியிருந்தால் இதெல்லாம் உண்டுதான்.

2. பன்றிகளைத்தான் தாங்க முடியவில்லை. மான் நுனியைக் கடித்துவிட்டுப் போனால் செடி மறுபடி துளிர்க்கும். பன்றி மண்ணையே புரட்டிப் போடுகிறது. இருட்டியதும் தாய்ப்பன்றிகள் குட்டிகளோடு கூட்டமாக இறங்குகின்றன. கிழங்கு இருந்தால் கிழங்குக்காகத் தோண்டும், இல்லாவிட்டால் மண்புழுவுக்கும் வண்டுப் புழுவுக்குமாகத் தோண்டும். தொழுவுரம் போட்டுப் பதப்படுத்திய மண்ணில்தானே புழு அதிகம்? ஆகவே மண்ணை நன்றாக வைத்திருப்பவர் தோட்டம்தான் முதலில் போகிறது. தண்ணீர் பாய்ச்சிய பாத்தியில் படுத்துப் புரளவும் செய்கிறது. வியர்த்து உடம்பு ஆறாத பிராணி, அதற்குச் சேறு வேண்டும். சரி, அதற்காகத் தண்ணீர் பாய்ச்சாமல் இருக்க முடியுமா?

வேலி போடுங்கள் என்று தங்கள் ஊழியர் சொன்னார். போட்டோம். மான் தாண்டுமே என்று உயரமாகப் போட்டால், பன்றி கீழே மூக்கைக் கொடுத்துத் தூக்கிவிட்டு நுழைகிறது. கம்பிவலையின் அடியை மண்ணில் புதைத்து வெளிப்பக்கம் மடக்கினால் ஓரளவு தாங்கும், தெரியும். ஆனால் மர வேர் ஓடும் இடத்தில் அப்படித் தோண்டுவது லேசில்லை. மிளகாய்த்தூள், சோப்பு, பழந்துணி, விளக்கு எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. புதிதாக இருக்கும்வரை தயங்குகிறது, பிறகு பழகிவிடுகிறது. கம்பியில் நேரடியாகக் கரண்டை விட்டுவிடு என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. ஆடுமாடோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ தொட்டால் என்ன ஆவது? அந்தப் பாவம் வேண்டாம் என்றுதான் தங்கள் வாசலுக்கே வந்துகொண்டிருக்கிறோம்.

3. அகழி! அதைத்தான் ஒவ்வொரு மனுவிலும் எழுதுகிறோம். மழையில் கரை சரிந்து மண் மூடி, இப்போது பன்றிக்குட்டியே நடந்து ஏறும் அளவுக்கு மேடாகிவிட்டது. கரை நெடுக உண்ணிச்செடி அடர்ந்து கிடக்கிறது. பகலில் பன்றிகள் படுத்திருப்பது அதற்குள்தான். அது இந்தக் காட்டில் பிறந்த செடியும் இல்லை, வெளியிலிருந்து வந்த களை. எடுத்தால் காட்டுக்கும் நல்லது. மேலாக வெட்டினால் அடியிலிருந்து மறுபடி வரும், வேரோடு பிடுங்க வேண்டும். நாங்களே பிடுங்குகிறோம் என்றால், எல்லைக்குள் கை வைத்தால் வழக்கு என்கிறீர்கள். நீங்களும் பிடுங்குவதில்லை. அப்புறம் யார்தான் ஐயா பிடுங்குவது?

4. ரோந்து ஜீப் வருகிறது, பகலில். பன்றி வருவது ராத்திரி.

பன்றியைச் சுடச் சொல்லவில்லை, இழப்பீடும் கேட்கவில்லை. அகழியைத் தூர்வாருங்கள், புதரை வேரோடு எடுங்கள். கேட்பது இவ்வளவே. புதர் வேலைக்குத் தங்கள் ஊழியர் ஒருவர் மேற்பார்வை பார்த்தால் ஆள் பலம் நாங்கள் தருகிறோம், எழுத்தில் அனுமதி மட்டும் கொடுங்கள். கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. ஆனால் அகழியைத் தூர்வாருங்கள். அடுத்த மழை இறங்கினால் மிச்சமிருக்கும் பள்ளமும் மூடிவிடும்.

ஒரு நாள் குறித்து நேரில் வாருங்கள். ஜீப்பிலிருந்து இறங்கி, அகழியோரமாக எங்களோடு நடந்து பாருங்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிவித்தால் எல்லோரும் வீட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காட்டோரத் தோட்டக்காரர்கள்