பூச்சி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்

எங்கள் மாவட்டத்தில் குடற்புழு நீக்க முகாமை நடத்தும் சுகாதார அலுவலர்களுக்கு,

வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும். அழுகிற பிள்ளையின் வாயில் திணிக்கக் கூடாது. இரண்டும் உங்கள் வழிகாட்டுதலில் உள்ளவைதான். எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு அவை ஏன் வந்து சேரவில்லை?

போன முகாமில் நடந்தது உங்களுக்குத் தெரியும், மனு கொடுத்திருக்கிறோம். என் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், முழு மாத்திரை. அந்த வயதுக்கு அளவு சரிதான். ஆனால் அதை அப்படியே வாயில் போட்டார்கள். துப்பினாள். மறுபடியும் போட்டு, மூக்கைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். வீறிட்டு அழுதவளின் சத்தம் சட்டென்று நின்றது. உதடு நீலம் பாய்ந்தது. ஓடி வந்த ஆயா அவளை மடியில் குப்புறப் போட்டு முதுகில் ஓங்கித் தட்டிய பிறகுதான் மாத்திரை வெளியே வந்து விழுந்தது. ஓரம் மட்டும் கரைந்திருந்தது. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘வழங்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது.

டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சமையலையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, எத்தனை பேருக்குக் கொடுத்தாயிற்று என்று கேட்டு வரும் போனுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பொடித்தீர்களா என்று அந்தப் போனில் யாரும் கேட்டதில்லை. என் கோபம் அதன் மேல்தான். 2007-இல் எத்தியோப்பியாவில் இதே மாத்திரை தொண்டையில் அடைத்துச் சிறு குழந்தைகள் இறந்துபோனார்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொடித்தே கொடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. இதற்கு மேலும் என்ன நடக்க வேண்டும்?

மாத்திரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி, பிள்ளை சோகை பிடித்துச் சோர்ந்து கிடப்பதைப் பார்த்தவள் நான். ஆனால் புழு மண்ணிலிருந்துதானே வருகிறது? எங்கள் அங்கன்வாடிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, கை கழுவக் குழாய் இல்லை. மருந்தால் புழு போனாலும், அதே மண் வழியாகப் புதிதாகத் தொற்றும். அது எங்கள் துறை இல்லை என்பீர்கள். எந்தத் துறையைக் கேட்டாலும் இதே பதில்தான்.

சரி, உங்கள் கையில் இருப்பதையாவது செய்யுங்கள். அடுத்த முகாமுக்கு முன்னால் ஒவ்வொரு மையத்துக்கும் மாத்திரையைப் பொடிக்க இரண்டு கரண்டியும் குடிதண்ணீரும் உறுதி செய்யுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. சின்னவர்களுக்கு எதுவானாலும் பொடித்து. விவரம் தெரிந்த பிள்ளைகள் நன்றாகச் சப்பிச் சாப்பிடட்டும். காய்ச்சலா, வேறு மருந்து ஓடுகிறதா, வலிப்பு வந்ததுண்டா என்று தாயிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். நாடாப்புழுவின் கட்டி மூளையில் இருக்கும் பிள்ளைக்கு இந்த மருந்தே வலிப்பைக் கிளப்பிவிடலாம். அப்படிப்பட்டவர்களை முதலில் டாக்டர் பார்க்கட்டும். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கும் அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் அன்றைக்கே கொடுத்தாக வேண்டியதில்லை. விடுபட்டவர்களுக்கென்று நீங்களே இன்னொரு நாள் வைத்திருக்கிறீர்கள்.

பொடித்துக் கொடுக்க வேண்டும் என்று தமிழில் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, அதன் நகலை மையத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மனுவுக்கும் எழுத்தில் பதில் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தாய்