பாடசாலை இலவசம், படிப்பு காசுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் வந்த இலவசக் கல்வியால் படித்து முன்னேறியவர்கள் நாங்கள். பாடநூலையும் சீருடைத் துணியையும் அரசு இன்றும் தருகிறது. அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மாதம் பிறந்ததும் முதலில் எடுத்து வைப்பது ரியூசன் என்னும் தனியார் வகுப்புக்கான காசைத்தான்.

இதைப் பெற்றோரின் வீண் பகட்டு என்று சிலர் சொல்வது அநியாயம். பல்கலைக்கழகம் போக உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தால் மட்டும் போதாது, மற்றப் பரீட்சார்த்திகளோடு ஒப்பிட்டுக் கணிக்கும் இசற் (Z) புள்ளியும் போதியளவு வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும் பங்கு மாவட்ட அடிப்படையில் போவதால், பிள்ளை போட்டியிடுவது பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையோடு. அந்தப் பிள்ளை ரியூசனுக்குப் போகும்போது எந்தத் தாய் தன் பிள்ளையை வீட்டில் மறித்து வைப்பாள்?

பாடத்திட்டம் வகுப்பில் முடிவதுமில்லை. என் மகளின் இரசாயனவியல் கொப்பிகளைப் புரட்டினேன். சேதன இரசாயனம் ரியூசன் கொப்பியில் முழுதாக இருக்கிறது, பாடசாலைக் கொப்பியில் தலைப்போடு நிற்கிறது. விளையாட்டுப் போட்டி, விழா, தவணைப் பரீட்சை என்று பாடவேளைகள் கரைந்தால் ஆசிரியர்தான் என்ன செய்வார்?

சரி, எங்களால் ஒருமாதிரிச் சமாளிக்க முடிகிறது. கடற்றொழிலையும் கூலி வேலையையும் நம்பியிருக்கும் வீடுகள் என்ன செய்யும்? ஆசிரியர்களுக்கு உரிய கொடுப்பனவு கொடுத்துப் பாடசாலையிலேயே பின்னேர வகுப்பு நடத்த மாகாணக் கல்வித் திணைக்களம் முன்வர வேண்டும். மண்டபமும் மைதானமும் கட்டித் தரும் பழைய மாணவர் சங்கங்கள் இதற்கும் கை கொடுக்கலாம்.

ஒரு தாய்,
கொக்குவில்.