சீக்கியர்கள் வணங்குவது புத்தகத்தையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குரு நானக் ஜயந்தியையொட்டி உங்கள் இதழில் வந்த அமிர்தசரஸ் கட்டுரையைப் படித்தேன். பொற்கோயில் லங்கரை, அதாவது எல்லோருக்கும் உணவிடும் பொதுச் சமையற்கூடத்தைப் பற்றிய பகுதி மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஒரு படத்துக்குக் கீழே ‘சீக்கியர்கள் கடவுளாக வழிபடும் புனித நூல்’ என்று போட்டிருந்தீர்கள். ‘கடவுளாக’ என்ற சொல் உறுத்துகிறது. வேலை நிமித்தம் லூதியானாவில் 11 ஆண்டுகள் இருந்தவன் நான். போன புதிதில் இதையே நானும் சொல்லி, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் திருத்தம் வாங்கியிருக்கிறேன். “கடவுள் இல்லை பேட்டா (மகனே), குரு” என்றார்.

அந்தப் புனித நூலான குரு கிரந்த் சாகிப் தொடங்குவதே கடவுள் யார் என்று சொல்லித்தான். ‘இறைவன் ஒருவரே’ என்ற பொருள் தரும் ‘இக் ஓங்கார்’ என்பதில் உள்ள ‘இக்’கை எழுத்தால் எழுதுவதில்லை, ஒன்று என்ற இலக்கத்தையே போடுகிறார்கள். அடுத்து வருபவை: மெய்யே பெயரானவர், படைப்பவர், அச்சமற்றவர், பகையற்றவர், காலம் தீண்டாதவர், பிறவாதவர், தானாகவே இருப்பவர், குருவின் அருளால் அறியப்படுபவர். பிறப்பே இல்லாதவருக்கு உருவம் ஏது? சீக்கியர்களின் வழிபாட்டிடமான குருத்வாராவில் சிலை இல்லாததற்குக் காரணம் இதுதான். அந்த ஒருவரையே ராம், ஹரி, அல்லா என்று பல பெயர் சொல்லி அதே நூல் கூப்பிடுகிறது.

அப்படியானால் அவரை அறியவைக்கும் குரு யார்? சித்த யோகிகள் முதல் குருவான நானக்கிடம் இதே கேள்வியைக் கேட்டதாக ஒரு பாடல் உண்டு. ‘சபத்’, அதாவது இறைவனின் சொல்லே என் குரு என்பது அவர் பதில். ஆகவே 1708-இல் மகாராஷ்டிரத்தின் நாந்தேட்டில் பத்தாவது குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று அறிவித்தது திடீரென்று முளைத்த ஏற்பாடு அல்ல. ஐந்தாவது குரு அர்ஜன் 1604-இல் தொகுத்து முடித்த நூலில், தம் தந்தை குரு தேக் பகதூரின் பாடல்களைச் சேர்த்து நிறைவாக்கியவரும் கோவிந்த் சிங்கே. ‘என்னைக் கடவுள் என்பவர்கள் நரகத்தில் விழுவார்கள்’ என்ற பொருளில் அவர் பெயரில் ஒரு பாடல் வழங்குகிறது. இருந்த குருவையே கடவுளாக்கக் கூடாது என்றவர்கள், அவர் இடத்துக்கு வந்த நூலை எப்படிக் கடவுளாக்குவார்கள்?

பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். பொற்கோயிலில் அந்த நூல் விடியலில், எதிரே உள்ள அகால் தக்த் என்ற கட்டடத்திலிருந்து பல்லக்கில் வருகிறது, மேலே விதானம், பட்டுப் போர்வை, சாமரம், இரவில் மறுபடி பல்லக்கேறிப் பள்ளிகொள்ளப் போகிறது. நம் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறெப்படித் தோன்றும்! மொத்தம் 1430 பக்கங்கள். பக்கத்தைக்கூட ‘அங்’, அதாவது அங்கம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இத்தனை மரியாதையும் முடிகிற இடம் வாசிப்பு. நூலைத் திறந்து, இடப்பக்கத்தின் தலைப்பில் இருக்கும் பாடலை வாசிப்பார்கள். அன்றைய ஹுக்கம், அதாவது கட்டளை அது. அந்தப் பாட்டி காலையில் அதைக் கேட்காமல் வேறு வேலை தொடங்கி நான் பார்த்ததில்லை.

கட்டுரையில் இல்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நூலில் இருப்பவை குருமார்களின் பாடல்கள் மட்டுமல்ல. நெசவாளர் கபீர், தோல் தொழில் செய்த ரவிதாஸ், தையல் தொழில் குலத்தில் பிறந்த நாமதேவர், சூஃபி ஷேக் பரீத் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ரவிதாஸின் சொல்லுக்கு முன்னால் எந்தச் சாதிக்காரரும் நெற்றி தரையில் படப் பணிகிறார். வெறும் புத்தக வழிபாடு என்று நினைத்துவிட்டால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்த இதழில் அந்த வரியை ‘சீக்கியர்கள் குருவாகப் போற்றும் நூல்’ என்று திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்