ஏ பிளஸ் பிளஸ் விளம்பரமும் குவைத்துல மாட்டுன இன்ஜினியர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுலேருந்து நம்ம பேப்பர்ல தினமும் முழுப்பக்கத்துக்கு காலேஜ் விளம்பரம் வருது. எல்லாம் ஒரே மாதிரி தான், கண்ணாடி கட்டடம், கோட்டு போட்ட பசங்க, மேல கொட்டை எழுத்துல நாக் (காலேஜ் தரத்த பாத்து கிரேடு போடுற அமைப்பு) ஏ பிளஸ் பிளஸ், கீழ பொடி எழுத்துல என்பிஏ, ஏபெட்னு கோர்ஸுக்கான அங்கீகாரம், என்ஐஆர்எஃப்னு ரேங்க் பட்டியல், இப்படி ஒரு வரிசை. விளம்பரம் போடுறத தப்புன்னு சொல்லல, பேப்பர் நடக்கணும்ல. ஆனா வாராவாரம் கல்விக்குன்னு தனிப்பக்கம் போடுறீங்க, அதுலயாவது இந்த முத்திரையெல்லாம் என்னது, யுனிவர்சிட்டிங்க ஏன் இதுக்கு இந்தப் பாடு படுது, நம்ம புள்ளைக்கு இதால என்ன கெடைக்கும்னு வெவரமா எழுதலாமே. யாரும் எழுதல, அதான் நான் எழுதுறேன்.

மொதல்ல ஒன்னு. நாக் பாக்குறது மொத்த காலேஜ, இல்லன்னா மொத்த யுனிவர்சிட்டிய, என்பிஏ பாக்குறது ஒவ்வொரு கோர்ஸா. மெக்கானிக்கலுக்கு என்பிஏ இருக்கும், அதே கேம்பஸ்ல போன வருஷம் ஆரம்பிச்ச ஏஐ கோர்ஸுக்கு இருக்காது. விளம்பரத்துல ரெண்டும் ஒரே கட்டத்துக்குள்ள வரும். அட்மிஷனுக்கு வர்ற அப்பா அம்மா முக்கால்வாசி பேருக்கு இது தெரியாது, ஏ பிளஸ் பிளஸ்னா எல்லாமே நல்லா இருக்கும்னு நெனச்சு பணத்த கட்டிட்டு வந்துடுறாங்க.

சரி யுனிவர்சிட்டிக்கு இதுல என்ன லாபம்? பேருக்காக மட்டும்னு நெனைக்காதீங்க. யுனிவர்சிட்டிங்கள கட்டுப்படுத்துற யூஜிசி 2018ல ஒரு விதி கொண்டு வந்துச்சு, நாக் மார்க் 4க்கு 3.51 இல்ல அதுக்கு மேல (அதாவது ஏ பிளஸ் பிளஸ்) இருந்தா முதல் வகை யுனிவர்சிட்டி. முதல் வகைன்னா அரசாங்கத்துகிட்ட காசு கேக்காத வரைக்கும் யூஜிசி வாசல்ல போயி நிக்காமலே புது கோர்ஸ் ஆரம்பிக்கலாம், புது டிபார்ட்மென்ட் தொறக்கலாம், வெளிநாட்டு வாத்தியாருங்கள எடுக்கலாம், வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ சேத்துக்கலாம். 3.50 வாங்குனா ரெண்டாவது வகை. 0.01 தான் வித்தியாசம். ஆன்லைன் டிகிரி நடத்தவும் நாக் மார்க்க பாக்குறாங்க. இப்ப புரியுதா ஏன் பறக்குறாங்கன்னு.

எம்பொண்ணு படிச்ச காலேஜ்ல (பேரு வேண்டாம்) நாக் கமிட்டி வர்றாங்கன்னு ஒரு மாசமா வேற வேலையே ஓடல. செவத்துக்கு பெயிண்ட், வாசல்ல பெரிய கோலம், பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டு கட்டாயம் வரணும்னு கெஞ்சல், லைப்ரரி ரெஜிஸ்டர்ல கையெழுத்து கம்மியா இருக்குன்னு கிளாஸ் கிளாஸா கூட்டிட்டு போயி நிக்க வச்சிருக்காங்க. எந்த செமினார் நடந்தாலும் ஜியோடேக் போட்டோ எடுக்கணுமாம், அதாவது போட்டோலயே எடம், தேதி, நேரம் எல்லாம் விழணும். ஒரு மேடம் பாடம் நடத்துன நேரத்த விட ஃபைல் போட்ட நேரம் தான் அதிகம்னு எம்பொண்ணுகிட்டயே சொல்லிச்சாம். பாவம், அவங்கள சொல்லி குத்தமில்ல. 2017ல கொண்டு வந்த முறையில மார்க்குல கிட்டத்தட்ட 70 சதவீதம் இப்படி கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்புற கணக்குல தான் வந்துச்சு, கமிட்டி நேர்ல வந்து போட்டது மிச்சம் 30 தான்.

அந்த 30லயும் என்ன நடக்குதுன்னு நீங்களே செய்தி போட்டீங்க. 2025 பிப்ரவரியில ஆந்திராவுல ஒரு யுனிவர்சிட்டிக்கு நல்ல கிரேடு போட பணம், தங்கம், லேப்டாப், செல்போன் வாங்குனதா சொல்லி ஆய்வுக்குழு தலைவரையே சிபிஐ புடிச்சுது. நேர்மையா வாங்குன கிரேடும் எல்லாத்தையும் சொல்லாது. நம்ம சென்னைப் பல்கலைக்கழகம் 2023ல 3.59 வாங்கி ஏ பிளஸ் பிளஸ் ஆச்சு, அடுத்த வருஷமே வருமான வரித்துறை பேங்க் கணக்க முடக்கி சம்பளம், பென்ஷன் குடுக்குறதே பெரும்பாடா போச்சு. அப்ப ஏ பிளஸ் பிளஸ்ஸ மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது தானே.

இதெல்லாம் சும்மா நாடகம்னு ஒதுக்கிடவும் முடியாது, அதுக்கு தான் குவைத்து கதைய சொல்றேன். 2018ல அங்க ஒரு உத்தரவு வந்துச்சு, இன்ஜினியர் விசாவுல இருக்குறவங்க அகாமா (அங்க தங்குறதுக்கான அனுமதி) புதுப்பிக்கணும்னா குவைத் சொசைட்டி ஆஃப் இன்ஜினியர்ஸ்கிட்ட ஆட்சேபனை இல்லங்குற என்ஓசி சான்றிதழ் வாங்கணும். இந்தியாக்காரங்கன்னா படிச்ச கோர்ஸுக்கு என்பிஏ இருக்கான்னு பாத்தாங்க. என் மச்சான் 90கள் ஆரம்பத்துல சிவில் முடிச்சவரு, அவரு படிக்கிறப்ப என்பிஏங்குற அமைப்பே கெடையாது, 1994ல தான் தொழில்நுட்பக் கல்விய பாத்துக்குற ஏஐசிடிஇ அத ஆரம்பிச்சுது. பேர்போன காலேஜ்ல படிச்சவங்களே மாட்டிக்கிட்டு முழிச்சாங்க, வெளியுறவுத்துறை அமைச்சர் வரைக்கும் போச்சு. மச்சான் கடைசில இன்ஜினியர்ங்குறத எடுத்துட்டு சூப்பர்வைசர்னு போட்டு அகாமா அடிச்சுக்கிட்டாரு, அதே சைட்டு, அதே வேலை, கையெழுத்து போடுற அதிகாரம் மட்டும் போச்சு.

அதனால என்பிஏ விஷயம் பசங்களுக்கு நேரடியா பட்டதுன்னு தான் சொல்லுவேன். வாஷிங்டன் ஒப்பந்தம்னு ஒன்னு 1989லேருந்து இருக்கு, அதுல உள்ள நாடுங்க ஒருத்தர் அங்கீகரிச்ச இன்ஜினியரிங் கோர்ஸ இன்னொருத்தர் சமமா எடுத்துக்குவாங்க. இந்தியா 2014 ஜூன்ல நிரந்தர உறுப்பினர் ஆச்சு. ஆனா எல்லா என்பிஏவுக்கும் அது பொருந்தாது, என்பிஏலயே டியர்னு ரெண்டு அடுக்கு இருக்கு. யுனிவர்சிட்டியும் தன்னாட்சி காலேஜும் டியர்-1ல வரும், அஃபிலியேட்டட் காலேஜ் டியர்-2, வாஷிங்டன் ஒப்பந்தம் டியர்-1க்கு மட்டும் தான். ஆஸ்திரேலியாவுக்கு இன்ஜினியரா போறவன் டியர்-1 கோர்ஸ் முடிச்சிருந்தா அங்க தகுதி சரிபாக்குறப்ப சான்றிதழ காட்டுனா போதும், இல்லன்னா தான் பாத்த வேலைய பத்தி மூணு நீளமான கட்டுரை எழுதி சிடிஆர்னு அனுப்பி காத்திருக்கணும். இத எந்த விளம்பரத்துலயாவது பாத்திருக்கீங்களா? என்பிஏன்னு மட்டும் தான் இருக்கும், எந்த டியர்னு இருக்காது.

அமெரிக்காவுலேருந்து வாங்குற ஏபெட்ட பத்தி எனக்கு கொஞ்சம் சந்தேகம் தான். டியர்-1 இருந்தாலே அமெரிக்காவும் அந்த ஒப்பந்தத்துல இருக்குற நாடு தான், எம்எஸ் சேர ஏபெட் தேவையும் இல்ல. அங்க போயி இன்ஜினியர் லைசென்ஸ் எடுக்குறவங்களுக்கு சுலபம், அது நம்மூர்லேருந்து எத்தன பேரு. டாலர்ல கட்டுற ஃபீஸு கடைசில யாரு தலையில விழும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

2024 ஜனவரியில நாக்கே இந்த கிரேடெல்லாம் வேண்டாம், மொதல்ல அங்கீகாரம் உண்டு இல்லன்னு சொல்லலாம்னு அறிவிச்சுது. அது வந்தாலும் பழைய ஏ பிளஸ் பிளஸ் போர்டு லேசுல எறங்காது.

நான் கேக்குறது பெருசா ஒன்னுமில்ல. கவுன்சிலிங் நேரத்துல கல்விப் பக்கத்துல ஒரு அட்டவணை போடுங்க, கோர்ஸ் பேரு, என்பிஏ எந்த டியர், எந்த வருஷம் வரைக்கும் செல்லும், அவ்வளவு தான். மூணு வருஷத்துக்கோ ஆறு வருஷத்துக்கோ தான் குடுக்குறாங்க, இந்த வருஷம் சேர்ற புள்ள வெளிய வர்றப்ப அது உயிரோட இருக்கணும்ல. விளம்பரம் குடுக்குறவங்ககிட்டயும் இந்த மூணையும் கட்டாயம் போடச் சொல்லுங்க, அதுக்கு ரேட்டு வேணா கொஞ்சம் கூட்டிக்கங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்