பஸ்ல இருக்குற ஜிபிஎஸ்ஸ எங்களுக்கும் காட்டுங்க சார்

எங்க பொண்ணு படிக்கிற ஸ்கூலோட தாளாளர் ஐயாவுக்கும், பஸ் பொறுப்பு பாக்குற சாருக்கும் வணக்கம்.

போன நவம்பர்ல ஒரு நாள் சாயங்காலம் செம மழை, 4:20க்கு வர வேண்டிய பஸ் 5:35க்கு தான் வந்துச்சு, அதுவரைக்கும் வாட்டர் டேங்க் ஸ்டாப்ல நாங்க ஆறு அம்மாக்களும் ஒரு தாத்தாவும் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். நான் மட்டும் டிரைவர் அண்ணனுக்கு பதினோரு தடவை போன் போட்டேன், எடுக்கல. ஆபீஸ்ல கேட்டா "பஸ் கிளம்பிடுச்சும்மா", அவ்ளோதான். வந்ததும் அண்ணன்கிட்ட கோவமா கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார், 43 மிஸ்டு கால். "ஸ்டியரிங்க பிடிக்கவா போனைப் பிடிக்கவா, நீங்களே சொல்லுங்கம்மா"ன்னார். எனக்கு வாயே வரல. ரோடெல்லாம் தண்ணி, உள்ள முப்பது பிள்ளைங்க, அந்த நேரத்துல அவரை ஓட்ட விடாம பண்ணது நாங்கதான்.

அப்புறம் விசாரிச்சா பஸ்ல ஜிபிஎஸ் பொட்டி ஏற்கனவே இருக்காம், ஆனா அது டீசல் கணக்கு பாக்க ஆபீஸ்ல மட்டும் தெரியுமாம். அதையே அந்தந்த ரூட் பேரன்ட்ஸுக்கும் காட்டிட்டா ஒருத்தரும் டிரைவரைக் கூப்பிட மாட்டோம் சார், இதுக்குத்தான் இந்த லெட்டரே.

மேப்ல புள்ளி நகர்ந்தா போதும், பிள்ளை பத்திரம்னு நான் சொல்ல வரல. 2012 ஜூலைல தாம்பரம் பக்கம் ரெண்டாவது படிக்கிற குழந்தை ஸ்கூல் பஸ் தளத்துல இருந்த ஓட்டை வழியா விழுந்து இறந்துச்சு, அந்த வருஷமே ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு தனி விதி வந்துச்சு. ஓட்டையை ஜிபிஎஸ் காட்டாது, ஆள் குனிஞ்சு பாக்கணும். 2022 மார்ச்ல வளசரவாக்கத்துல ஒரு பையன் ஸ்கூல் வேன் மோதி இறந்த பிறகுதான் முன்னாடி பின்னாடி கேமரா, சென்சார் எல்லாம் கட்டாயம்னு ஆச்சு. பஸ் எங்க இருக்குன்னுதான் பொட்டி சொல்லும், பிள்ளை உள்ள இருக்காளான்னு அட்டெண்டர் அக்கா தான் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணி சொல்லணும், கடைசி ஸ்டாப் முடிஞ்சதும் பின் சீட்டு வரைக்கும் நடந்து பாக்கணும்.

இன்னொண்ணு, லிங்கை வாட்ஸப் குரூப்ல போட்டுடாதீங்க, ப்ளீஸ். பிள்ளைங்க எந்த ஸ்டாப்ல எத்தனை மணிக்கு இறங்குறாங்கன்னு கண்டவங்களுக்கும் தெரியக் கூடாது, ஸ்கூல்ல கொடுத்திருக்கிற நம்பருக்கு ஓடிபி வந்தா மட்டும் திறக்குற மாதிரி வைங்க. ஏஐஎஸ் 140ன்னு வண்டி ஜிபிஎஸ்ஸுக்கு நம்ம நாட்டுல இருக்குற தரத்துல வர்ற பொட்டின்னா சிக்னல் போனாலும் இடத்தைச் சேமிச்சு வச்சு அப்புறம் அனுப்பிடும், அவசர பட்டனும் சேர்த்து மாட்டலாம், ஆனா உள்ள இருக்குற சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணலைன்னா எல்லாம் வேஸ்ட். அதுக்கு யார் பொறுப்புன்னு ஒருத்தர் பேரைச் சொல்லிடுங்க.

மே மாசம் ஆர்டிஓ இன்ஸ்பெக்‌ஷனுக்கு எப்படியும் எல்லா பஸ்ஸையும் வரிசையா நிறுத்துவீங்க, அன்னைக்கே பொட்டியும் வேலை செய்யுதான்னு பாத்துடுங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்குற அன்னைக்கு எங்க ரூட் பஸ் எங்க வருதுன்னு என் போன்லயே தெரியணும் சார்.