மர கேலரியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கச் சிற்றூர்களில் மிச்சமிருக்கும் பழைய மைனர் லீக் (மேல்மட்டமான மேஜர் லீக்குக்குக் கீழ்நிலைத் தொழில்முறைப் போட்டி) பேஸ்பால் மைதானங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை மனநிறைவு தந்தது. பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பெருநகர அரங்கு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கட்டுரையில் இரண்டு இடங்கள் மட்டும் திருத்தப்பட வேண்டும்.

முதலாவது சிறியது. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமிலுள்ள ரிக்வுட் ஃபீல்டை மர மைதானம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1910-இல் திறக்கப்பட்ட அது இன்றுள்ள தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் மிகப் பழையது. ஆனால் எஃகும் காங்கிரீட்டுமாக எழுப்பப்பட்டது. முந்திய ஆண்டுதான் பிலடெல்பியாவில் ஷைப் பார்க் மைதானம் அந்த முறையில் வந்திருந்தது. மரத்தில் கட்டியது என்றால் மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டின் வாகோனா பார்க்கையும், ஓரிகன் மாநிலம் யூஜினில் 1938-இல் எழுந்த சிவிக் ஸ்டேடியத்தையும் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவதுதான் முக்கியம். மர கேலரிகள் வயதாகி விழுகின்றன என்கிறது கட்டுரை. அப்படியில்லை. மரத்தின் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை வளராது. நூறாண்டுத் தூணும் காய்ந்திருந்தால் கெட்டியாகவே நிற்கும். பலகையின் நடுப்பகுதியில் விழும் மழையும் பெரிய கேடு செய்யாது, வழிந்து காய்ந்துவிடும். வெட்டுமுனைகள்தாம் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே இற்றுப்போவது எப்போதும் சில இடங்களில்தான் தொடங்குகிறது: தூணின் அடி காங்கிரீட்டில் நேரே உட்காருமிடம், இரண்டு பலகைகள் இடைவெளியின்றி முட்டுமிடம், உத்திரத்தின் நுனி சுவருக்குள் புகுமிடம், கூரைத் தகரத்தில் ஆணி தளர்ந்த இடத்துக்கு நேர் கீழே. 1903-இல் பிலடெல்பியாவில் மைதானத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த மரத் தளம், ஆட்டத்தின் நடுவே கூட்டம் திரண்டதும் சரிந்து பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய மரங்கள் உள்ளே இற்றிருந்தன. மேலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எனவே போகிறவர்கள் ஆட்டத்துக்கு முக்கால் மணி முன்னதாகப் போய், அனுமதியுள்ள இடங்களில் கேலரியின் கீழே ஒருமுறை நடந்து பாருங்கள். நன்றாகப் பராமரிக்கும் மைதானத்தில் தூணின் அடிக்கும் காங்கிரீட்டுக்கும் இடையே இரும்புத் தாங்கி இருக்கும். மரம் தரையைத் தொடாமல் ஓர் அங்குலமாவது உயர்ந்து நிற்கும். பலகைகளுக்கு நடுவே கால் அங்குலம் அளவுக்குச் சந்து விட்டிருப்பார்கள். இருக்கைகளை ஆணியால் அடிக்காமல் துத்தநாகம் பூசிய திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். மரம் நனைந்து காய்ந்து ஊதியும் சுருங்கியும் ஆணியை மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடும், சட்டை கிழிவது அதில்தான். தூணின் அடியில் கறுத்த வளையமும், பெயின்ட் கொப்பளித்த இடமும் நல்ல அறிகுறி அல்ல. பராமரிப்பவர்கள் அங்கே குத்தூசியால் குத்திப் பார்ப்பார்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும், இற்ற மரத்தில் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கும். உரியும் பழைய பெயின்டைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1978-க்கு முந்தியதில் ஈயம் இருக்கக்கூடும்.

கீழே குப்பை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலகைச் சந்து வழியே விழும் காகிதமும் கடலைத் தோலும் காய்ந்து கிடந்தால் ஒரு சிகரெட் துண்டு போதும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1985-இல் கால்பந்து ஆட்டத்தின்போது 56 உயிர்களைப் பறித்த தீ, மர ஸ்டாண்டின் அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையில்தான் பிடித்தது. சிவிக் ஸ்டேடியமோ 2009-க்குப் பின் அணியில்லாமல் கிடந்து 2015 ஜூனில் எரிந்து சாம்பலானது. ஆட்டம் நடக்கும் மைதானத்தை யாராவது தினமும் கூட்டுவார்கள். பூட்டிக் கிடப்பதை யார் பார்ப்பது?

இருக்கை வாங்கும்போது தூணுக்குப் பின்னால் கிடைப்பதைத் தவிருங்கள்; கூரையைத் தாங்கும் தூண், பந்தெறியும் பிட்சரையோ மட்டை பிடிக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டையோ மறைத்துவிடும். ஹோம் பிளேட்டிலிருந்து அதற்கு நேர் எதிரே உள்ள இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று ஆட்ட விதியே சொல்கிறது. அப்படி அமைந்த மைதானத்தில் மூன்றாம் பேஸ் பக்கம்தான் (ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம்) முதலில் நிழல் விழும். வாகோனா பார்க் இதற்கு விலக்கு. அது மேற்கு நோக்கியது. சாயும் சூரியன் பேட்டரின் கண்ணில் அடிப்பதால் நடுவர் ஆட்டத்தையே சற்று நேரம் நிறுத்திவைத்ததுண்டு. அதன் மர கேலரி பாதுகாப்பில்லை என்று சில ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்டதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வலை இல்லாத பகுதியில் உட்கார்ந்தால் கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள். பழைய மைதானங்களில் கேலரி ஆடுகளத்தை ஒட்டியே இருக்கும், எல்லைக் கோட்டுக்கு வெளியே பறக்கும் ஃபௌல் பந்து நொடியில் வந்துவிடும்.

ஒரு விவரம் கூடுதலாக. 2021-இல் மைனர் லீக் மாற்றியமைக்கப்பட்டபோது, மேஜர் லீக்கோடு இணைந்த அணிகள் சுமார் 160-லிருந்து 120 ஆகக் குறைந்தன. அப்படி அணியை இழந்த பல பழைய மைதானங்களில் இப்போது ஆடுவது கோடைக்காலக் கல்லூரி லீக்குகள். கல்லூரிப் பருவத்தில் அலுமினிய மட்டை பிடிக்கும் மாணவர்கள் அங்கே மர மட்டையால் ஆடுகிறார்கள். பெரும்பாலும் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முதல் பாதிக்குள் முடிந்துவிடும், பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும்.